‘சவுண்ட்’ என்ற சொல்லுக்குள் எத்தனை சொற்கள்? வேர் தேடும் முழுமையான வழிகாட்டி

ஆங்கில வகுப்பில் ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சவுண்ட் ஸ்லீப் என்றால் குறட்டைச் சத்தத்தோடு தூங்குவதா, சார்?” வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சவுண்ட் என்றால் ஒலி என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். ஒலிக்கும் ஆழ்ந்த உறக்கத்துக்கும் என்ன உறவு என்று அவள் கேட்டது முழுக்க முழுக்க நியாயமான கேள்வி. “அது மரபுத்தொடர், அப்படியே மனப்பாடம் செய்துகொள்” என்று சொல்லி உட்காரவைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பதில் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. ஒரு சொல்லுக்குத் தொடர்பே இல்லாத பொருள்கள் இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். தேடினால் அது கிடைக்கவும் செய்யும்.

அந்தத் தேடலை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு அதே சவுண்ட்தான். எஸ், ஓ, யூ, என், டி என்று ஐந்தே எழுத்து. உங்களுக்கு வேண்டியது ஒரு தாளும், சொற்பிறப்புக் குறிப்போடு கூடிய ஓர் ஆங்கில அகராதியும்தான்.

படி 1: பொருள்கள் அனைத்தையும் தாளில் இறக்குங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன், அந்தச் சொல்லை எங்கெல்லாம் கண்டிருக்கிறீர்கள் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். அகராதி வரிசையை முதலிலேயே பார்த்துவிட்டால் நம் மூளை வேலை செய்யாது.

சவுண்டுக்கு என் பட்டியல் இது. காதில் விழும் ஓசை. அபாயச் சங்கை ஒலிக்கச் செய்வது. ஒருவர் பேசுவதைக் கேட்டு ‘களைத்திருக்கிறார் போலத் தெரிகிறது’ என்று சொல்லும்போது வரும் ‘போலத் தெரிவது’. நோய்நொடி இல்லாத உடல். உயில்களில் எழுதப்படும் தெளிந்த மனநிலை. விரிசல் இல்லாத சுவர். பிழையில்லாத வாதம். கலையாத தூக்கம். கடலின் ஆழத்தை அளப்பது. திமிங்கிலம் திடீரென்று ஆழத்துக்குள் பாய்வது. ஒருவருடைய எண்ணத்தை நேரடியாகக் கேட்காமல் நாடி பிடித்துப் பார்ப்பது. அறுவை மருத்துவர் உடலின் குழாய்களுக்குள் செலுத்திப் பார்க்கும் மெல்லிய கோல். இரண்டு நிலங்களுக்கு நடுவே ஓடும் குறுகலான கடல். இவ்வளவும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே உச்சரிப்பு.

படி 2: ஒரே எட்டில் போக முடிகிறதா என்று பார்த்துக் குவியல் பிரியுங்கள்

இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இயல்பாக ஓர் எட்டில் போக முடிகிறதா என்று பாருங்கள். நலமான உடலிலிருந்து விரிசல் இல்லாத சுவருக்குப் போகலாம். இரண்டிலும் குறையில்லாமை இருக்கிறது. சுவரிலிருந்து பிழையில்லாத வாதத்துக்கும், கலையாத தூக்கத்துக்கும் அப்படியே நடக்கலாம். கடலாழம் அளப்பதிலிருந்து மனத்தின் ஆழம் பார்ப்பதற்குப் போவது அதைவிட எளிது. ஆனால் ஓசையிலிருந்து நலத்துக்குப் போக வழியே இல்லை. நலத்திலிருந்து நீரிணைக்கும் இல்லை.

இப்படிப் பிரித்தால் நான்கு குவியல்கள் விழும்: ஓசை, நலம், நீரிணை, ஆழம் பார்த்தல். இப்போதைக்கு இது ஊகம் மட்டுமே. பொருள் ஒத்துப்போகிறது என்பதாலேயே வேரும் ஒன்றாகிவிடாது.

படி 3: அகராதியில் தலைச்சொல்லின் எண்ணைப் பாருங்கள்

நல்ல அகராதிகள் இத்தகைய சொல்லுக்குத் தனித்தனிப் பதிவுகள் வைத்து, தலைச்சொல்லின் தோளில் 1, 2, 3 என்று சிறு எண் போட்டிருக்கும். பலர் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். எண் நான்கு வரை போகிறது என்றால் வேரும் நான்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில அகராதிகள் பெயர்ச்சொல்லுக்கு ஓர் எண்ணும், அதே வேரிலிருந்து வந்த வினைச்சொல்லுக்கு இன்னோர் எண்ணும் தருகின்றன. ஆகவே எண்ணை விட்டுவிட்டு, பதிவின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும் சொற்பிறப்பு வரியைப் படியுங்கள். எந்த மொழி, எந்தப் பழைய வடிவம் என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒவ்வொரு வேரையும் தனித்தனியே பின்தொடருங்கள்

முதலில் ஓசை. லத்தீனில் ‘சோனுஸ்’ என்றால் ஒலி. அது பழைய பிரெஞ்சில் ‘சோன்’ ஆனது. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அவர்கள் பேசிய பிரெஞ்சு வழியாக ‘சூன்’ என்ற வடிவில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 14-ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் எழுதிய வடிவத்திலும் கடைசியில் ‘டி’ கிடையாது. அந்த ‘டி’ எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த படியில் பார்ப்போம். இதன் உறவினர்களில் சிலரை நீங்கள் முன்பே அறிவீர்கள்: சோனட், சோனாட்டா, மெய்யெழுத்தைக் குறிக்கும் கான்சொனன்ட். சமஸ்கிருதத்தில் ஒலியைக் குறிக்கும் ‘ஸ்வன’ என்ற சொல்லும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்ததுதான்.

இரண்டாவது நலம். இது வெளியிலிருந்து வந்த சொல் அல்ல, ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. பழைய ஆங்கிலத்தில் ‘யெசுன்ட்’ என்று இருந்தது. முன்னொட்டு தேய்ந்து உதிர, மீதி மட்டும் நின்றது. ஜெர்மன் மொழி அந்த முன்னொட்டை இன்றும் விடவில்லை: ‘கெசுண்ட்’ என்றால் நலமான. யாராவது தும்மினால் ஜெர்மானியர்கள் சொல்லும் ‘கெசுண்ட்ஹைட்’ என்பது ‘உடல்நலம்’ என்ற வாழ்த்து. என் மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சவுண்ட் ஸ்லீப் என்பது உடையாத, பழுதில்லாத தூக்கம்.

வாதங்களின் சரி தவறை ஆராயும் அளவையியலில் இந்தச் சொல் மிகக் கூர்மையாகப் பயன்படுகிறது. ‘பறவைகள் அனைத்தும் பறக்கும். பென்குயின் ஒரு பறவை. எனவே பென்குயின் பறக்கும்’ என்ற வாதத்தைப் பாருங்கள். வடிவம் சரி. முதலிரண்டு கூற்றுகளை ஏற்றால் மூன்றாவதை மறுக்க முடியாது. ஆனால் முதல் கூற்றே பொய். இப்படிப்பட்ட வாதத்தை வடிவில் செல்லுபடியாகும் வாதம் என்று சொல்லலாம், சவுண்ட் என்று சொல்ல முடியாது. வடிவமும் சரியாக இருந்து, கூற்றுகளும் உண்மையாக இருந்தால்தான் அந்தப் பெயர். நோயில்லாத உடலைக் குறித்த சொல் அப்படியே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது நீரிணை. வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் ‘சுண்ட்’ என்ற சொல்லுக்கு நீச்சல், நீரிணை என்று இரண்டு பொருள்கள் உண்டு. நீந்திக் கடக்கும் அளவுக்குக் குறுகலான நீர் என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். நீந்துவதைக் குறிக்கும் ‘ஸ்விம்’ இதன் உடன்பிறப்பு. ஒன்றில் ‘ம்’ இருக்கிறது, மற்றொன்றில் ‘ன்’ இருக்கிறதே என்று தோன்றும். நமக்கு இது புதிதல்ல. ‘மரம்’ என்பதோடு ‘தந்தான்’ சேர்ந்தால் ‘மரந்தந்தான்’ என்று மகரம் நகரமாகத் திரியும். நாவால் ஒலிக்கும் எழுத்து பின்னால் வந்து, முன்னால் நின்ற இதழொலியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆங்கிலம், ஜெர்மன், நார்ஸ் ஆகியவை அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் மூதாதையில் நடந்ததும் இதே வகைத் திரிபு.

டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையே உள்ள ஓரெசுண்ட் நீரிணையை ஆங்கிலத்தில் வெறுமனே ‘தி சவுண்ட்’ என்றே அழைப்பார்கள். 1429 முதல் 1857 வரை அதன் வழியே போன கப்பல்களிடம் டென்மார்க் அரசு சுங்கம் வாங்கியது. சவுண்ட் வரி என்று வரலாற்று நூல்களில் படித்தால் ஒலிபெருக்கிக்குப் போட்ட வரி என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பியூஜெட் சவுண்ட், 1792-இல் அங்கு வந்த ஜார்ஜ் வான்கூவர் தன் கப்பலின் துணை அதிகாரி பீட்டர் பியூஜெட்டின் பெயரால் அழைத்தது. நியூசிலாந்தின் மில்ஃபோர்டு சவுண்டோ உண்மையில் ஃபியோர்டு, அதாவது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். பெயர் வைத்தவர்கள் இந்தச் சொல்லைச் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நான்காவது, ஆழம் பார்த்தல். எனக்கு மிகவும் பிடித்த வேர் இதுதான். அது எப்படி நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் சொல் மனத்தில் தங்கும். ஒரு நீண்ட கயிறு, அதன் நுனியில் ஈயக் குண்டு. குண்டின் அடியில் சிறு குழி. அந்தக் குழியில் விலங்குக் கொழுப்பை அப்பிக் கடலில் எறிவார்கள். குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றின் அளவைப் படிப்பார்கள். மேலே இழுத்தால் கொழுப்பில் மணலோ சேறோ சிப்பித்துண்டோ ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக் கடலடி எப்படிப்பட்டது என்று சொல்வார்கள். கயிற்றில் எண் எழுதியிருக்காது. ஆறு அடி கொண்ட ஃபேதம் என்ற அளவில், 2 ஃபேதத்துக்கு இரண்டு தோல் துண்டு, 3-க்கு மூன்று, 5-க்கு வெள்ளைத் துணி, 7-க்குச் சிவப்புத் துணி, 10-க்கு ஓட்டை போட்ட தோல். இருட்டிலும் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக இப்படி. மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிய சாமுவேல் கிளெமென்ஸ் 1863-இல் தனக்குச் சூட்டிக்கொண்ட ‘மார்க் ட்வெய்ன்’ என்ற புனைபெயர், 2 ஃபேதம் ஆழம் இருக்கிறது என்று கயிறு போடுபவர் கூவும் குரல்தான்.

இந்த வேலைக்குப் பழைய பிரெஞ்சில் ‘சோந்தே’ என்று பெயர். ஆங்கிலம் அதை வாங்கிக்கொண்டது. ஆனால் பிரெஞ்சு எங்கிருந்து வாங்கியது? இங்கே அறிஞர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார், ‘கீழே’ என்ற பொருளுள்ள லத்தீன் ‘சுப்’ என்பதும் ‘அலை’ என்ற பொருளுள்ள ‘உண்டா’ என்பதும் சேர்ந்து பிறந்த வினை என்கிறார்கள். மறு சாரார், பழைய ஆங்கிலத்திலேயே ஆழம் பார்க்கும் கோலுக்கும் கயிற்றுக்கும் ‘சுந்த்’ என்று தொடங்கும் பெயர்கள் இருந்ததைக் காட்டி, வடகடல் மாலுமிகளிடமிருந்தே பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கற்றார்கள் என்கிறார்கள். இரண்டாவது கருத்து சரி என்றால் நம் மூன்றாவது குவியலும் நான்காவது குவியலும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்று நேராக வந்தது, மற்றொன்று பிரான்சுக்குப் போய்த் திரும்பி வந்தது. இலக்கியச் சான்று உள்ள பழஞ்சொற்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. லத்தீன் வழி சொல்பவர்கள் காட்டும் வினை எழுத்தில் கிடைக்காத, ஊகித்து அமைத்த வடிவம். ஆனாலும் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் தாளில் இரண்டு கருத்துகளையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

படி 5: வேறுவேறு சொற்கள் ஒரே முகம் கொண்டது எப்படி என்று கேளுங்கள்

வேர்களைக் கண்டதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அவை ஏன் ஒன்றுபோல் ஆயின என்பது பாதி வேலை. இங்கே இரண்டு மாற்றங்கள் நடந்தன.

ஒன்று உயிரெழுத்து மாற்றம். பழைய ஆங்கிலத்தில் ‘ன்ட்’ என்ற கூட்டெழுத்துக்கு முன் இருந்த குறில் உகரம் நெடிலாக நீண்டது. பிறகு ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நடந்த பெரும் உயிர்மாற்றத்தில் அந்த ஊகாரம் ‘அவ்’ என்று திரிந்தது. ஜெர்மன் பழைய உகரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விதி பளிச்சென்று தெரியும். நாய்க்கு ஜெர்மனில் ஹுண்ட், ஆங்கிலத்தில் ஹவுண்ட். தரைக்கு க்ருண்ட், க்ரவுண்ட். எடைக்கு ப்ஃபுண்ட், பவுண்ட். நலத்துக்கு கெசுண்ட், சவுண்ட். பிரெஞ்சு வழியாக ஊகாரத்தோடு வந்த ‘சூன்’ என்பதும் இதே ஓடையில் இறங்கி ‘சவுன்’ ஆகிவிட்டது.

மற்றொன்று அந்த ‘டி’. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ‘சவுன்’ என்று சொல்லி, ‘ன்’ ஒலியில் நிறுத்துங்கள். நாக்கு மேல் ஈறைத் தொட்டிருக்கும், காற்று மூக்கு வழியே போகும். நாக்கை எடுப்பதற்கு ஒரு கணம் முன்னால் மூக்கு வழியை மூடிவிட்டால் என்ன கேட்கிறது? ஒரு மெல்லிய ‘ட்’. யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. மூக்குக்கும் நாவுக்கும் இடையிலான நொடிப்பொழுது பிசகில் முளைத்த ஒலி அது. இடியைக் குறிக்கும் ‘தண்டர்’ என்பதும் பழைய ஆங்கிலத்தில் ‘துனோர்’ தான். அங்கேயும் ‘ட்’ இப்படித்தான் முளைத்தது. ஒலியைக் குறித்த சொல் இப்படி வால் முளைத்து நின்றபோது, ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்த மற்ற மூன்றோடும் அடையாளம் தெரியாமல் கலந்துவிட்டது.

தமிழிலும் இந்தக் கலப்பு நடந்திருக்கிறது. சங்க இலக்கியத்தில் நதி ‘யாறு’, எண் ‘ஆறு’. யகரம் உதிர்ந்ததும் இரண்டும் ஒன்றாயின. ‘யாடு’ என்ற விலங்கு ‘ஆடு’ ஆகி, ஆடுதல் என்ற வினையோடு ஒன்றாய் நிற்கிறது. நதிக்கும் எண்ணுக்கும் என்ன உறவு என்று நாம் யாரும் கேட்டுக் குழம்புவதில்லை. பலபொருள் ஒருசொல் என்று பள்ளியில் படித்ததோடு விட்டுவிடுகிறோம். ஆனால் அவற்றுக்குள் ஒருகாலத்தில் வெவ்வேறாய் இருந்து, தேய்ந்து ஒன்றான சொற்கள் எத்தனை என்று தேடிப் பார்ப்பது நம் மொழிக்கும் செய்ய வேண்டிய வேலைதான்.

படி 6: போலி உறவுகளைக் களையுங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் முன்பு செய்தவை எல்லாம் வீண். ஒலிப்பும் பொருளும் ஒருசேர ஒத்திருந்தால் மனம் உடனே உறவு கட்டிவிடும். தெளிந்த மனநிலையைக் குறிக்கும் ‘சேன்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் நலம் என்ற பொருளுள்ள சவுண்டையும் பாருங்கள். இரண்டிலும் சகரம், இரண்டிலும் னகரம், பொருளும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் சேன் என்பது லத்தீன் ‘சானுஸ்’ வழி வந்தது, சவுண்ட் ஜெர்மானியச் சொல். உறவில்லை. அதேபோல் இசைக்குரிய ‘ஸ்வரம்’ என்பதை ‘ஸ்வன’ என்பதோடு முடிச்சுப் போடக் கூடாது, அது வேறு வேர்.

இன்னொன்று பழமையான பிழை. லத்தீனில் முகமூடியைக் குறிக்கும் ‘பெர்சோனா’ என்பதை, குரல் அதன் வழியே ஒலிக்கிறது என்பதால் ‘பெர்’, ‘சொனாரே’ என்று பிரித்து ஒலியோடு இணைத்தார்கள் பண்டைய ரோமானியர்கள். அழகான விளக்கம். ஆனால் பெர்சோனாவில் இருப்பது ஓகார நெடில், சொனாரேயில் இருப்பது ஒகரக் குறில். குறில் நெடில் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வேறுபாட்டின் எடை நன்றாகவே புரியும்.

தொடர்களிலும் கவனம் தேவை. ‘சவுண்ட் அவுட்’ என்ற ஒரே தொடர் இரண்டு வேர்களிலிருந்து வருகிறது. ஒருவரின் எண்ணத்தை நாடி பிடித்துப் பார்ப்பது ஈயக் குண்டின் வழி. குழந்தை ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி வாய்விட்டுச் சொல்வது ஓசையின் வழி. நம் யோசனையைச் சொல்லிப் பார்க்க ஒரு நண்பர் இருந்தால் அவரை ‘சவுண்டிங் போர்டு’ என்பார்கள். ஆழம் பார்க்கும் பலகை என்று தோன்றும், ஆனால் அது இசைக்கருவியிலும் பிரசங்க மேடைக்கு மேலேயும் ஒலியைப் பெருக்கும் பலகை.

படி 7: பிரிந்தவை மீண்டும் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள்

எல்லாச் சொல்லுக்கும் இது வாய்க்காது. சவுண்டுக்கு வாய்த்திருக்கிறது. சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் 1875 மார்ச் 23 அன்று மரியானா அகழிப் பகுதியில் கயிறு இறக்கி 4,475 ஃபேதம் ஆழம் கண்டது. அது 8 கிலோமீட்டருக்கும் அதிகம். அவ்வளவு கயிற்றை இறக்கி ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, பனிப்பாறைகளை எதிரொலியால் கண்டறிய முயன்ற ஜெர்மன் இயற்பியலாளர் அலெக்சாண்டர் பேம், அந்த முறை கடலாழம் அளப்பதற்கே நன்றாகப் பொருந்துவதைக் கண்டு 1913-இல் காப்புரிமை பெற்றார். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். அனுப்பிய ஒலி 4 நொடியில் திரும்பினால் போக 2, வர 2, ஆக ஆழம் 3,000 மீட்டர். இதற்கு ஆங்கிலத்தில் ‘எக்கோ சவுண்டிங்’ என்று பெயர். பெயரில் உள்ள சவுண்டிங் ஒலி அல்ல, ஆழம் பார்த்தல். ஒலியைக் கொண்டே அது நடக்கிறது என்பது தற்செயல். அதன் உறவுமுறைத் தொழில்நுட்பமான ‘சோனார்’ என்ற பெயரிலோ எஸ், ஓ என்ற முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒலி என்ற சவுண்டிலிருந்து எடுக்கப்பட்டவை.

படி 8: இதே வழியில் அடுத்த சொல்லுக்குப் போங்கள்

நாம் ‘மீன்’ என்று ஒலிக்கும் எம், இ, ஏ, என் என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள்படுதல், இழிந்த, சராசரி என மூன்று குவியல்கள் விழும். முதலாவதற்குப் பக்கத்தில் ஜெர்மன் ‘மைனென்’ என்பதை வைத்துப் பாருங்கள். மூன்றாவதைத் தேடினால் பிரெஞ்சு வழியாக, நடு என்ற பொருளுள்ள லத்தீன் ‘மெதியானுஸ்’ வரை போவீர்கள். இரண்டாவது பழைய ஆங்கிலத்தில் ‘யெமானே’, ஜெர்மனில் இன்றும் ‘கெமைன்’. அனைவருக்கும் பொதுவானது என்பதே அதன் முதற்பொருள். பொதுவானது சாதாரணமானதாகி, சாதாரணமானது தாழ்ந்ததாகி, கடைசியில் இழிந்ததாயிற்று. அதன் தலையிலிருந்து உதிர்ந்த முன்னொட்டு, யெசுன்ட் இழந்த அதே முன்னொட்டுதான்.